புதுப் பழசைக் கண்டுபிடிப்பது எப்படி

போன தை மாதம் அக்கா மகன் குடும்பத்தோடு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் எட்டுத் தூண்கள், மேலே நாட்டு ஓடு, தாழ்வாரத்தில் அரிக்கேன் விளக்குகள், மூலையில் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன். பக்கத்து மேசைக்காரர் தன் பையனிடம், "இதெல்லாம் செட்டிநாட்டு வீட்டுத் தூண்டா, இருநூறு வருஷம் இருக்கும்" என்று சொன்னார். எனக்குப் புரையேறிவிட்டது. தூணின் மேலிருந்த யாளிக்கு இடது பக்கப் பல் மொண்ணை. அச்சு எடுக்கும்போது காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டதால் வந்த மொண்ணை அது. எட்டுத் தூணிலும் எட்டு யாளிக்கும் அதே பல்தான் மொண்ணை. அந்த அச்சை எடுத்தவன் நான். வருஷம் 2016.

முப்பது வருடத்துக்கு மேல் கோடம்பாக்கம், வடபழனி ஸ்டுடியோக்களில் செட் வேலை பார்த்தேன். மோல்டிங்தான் என் பிரிவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அரண்மனை, ஃபைபரில் கோயில் தூண், பிளைவுட்டில் அக்கிரகாரம். புதிதாகச் செய்ததைப் பழசாக்குவதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் வார்த்தை 'ஏஜிங்'. படவேலை குறைந்தபோது ஹோட்டல்காரர்களும் ரிசார்ட்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். சினிமாவில் ஒரு மாதம் நின்றால் போதும். இங்கே மழை வெயில் தாங்க வேண்டும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா மகன், "மாமா, செஞ்சவங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் காந்தம் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மையும் போதும். போனில் டார்ச் இருக்கிறது. பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. மற்றதெல்லாம் விரல் கணுவும் உள்ளங்கையும்தான்.

தேய்மானம் எங்கே இருக்கிறது?

அழுக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். அழுக்கு எங்கள் கைச்சரக்கு. டீ டிகாஷன், கரித்தூள், பொட்டாசியம் பெர்மாங்கனேட் மூன்றும் இருந்தால் காலையில் இழைத்த மரத்தைச் சாயங்காலத்துக்குள் தாத்தா காலத்து மரமாக்கிவிடலாம். கம்பி பிரஷ்ஷால் நரம்பு தெரியும்படி சுரண்டி, புளோ லாம்ப்பால் லேசாகக் கருக்கினால் இன்னும் நம்புவார்கள். பெயிண்ட் வெடித்து உரிந்த மாதிரி வேண்டுமா? ஒட்டும் பசையைப் பூசி, அது காய்வதற்குள் மேலே இன்னொரு நிறம் அடித்தால் தானாகவே பாளம் பாளமாக வெடிக்கும்.

எங்களால் சரியாகச் செய்ய முடியாத ஒன்று தேய்மானம். ஒரு வீட்டில் நூறு வருடம் மனிதர்கள் புழங்கினால் கை படும் இடமும் கால் படும் இடமும்தான் தேயும், மற்ற இடம் தேயாது. வாசற்படியின் நடுவில் குழி விழுந்து ஓரங்கள் கூராகவே நிற்கும். கதவில் நாதாங்கியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மரம் வழுவழுவென்று கறுத்திருக்கும், மேல்பாதி வெளுத்துப் போயிருக்கும். திண்ணைத் தூணில் உட்கார்ந்தவர் முதுகு சாயும் உயரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும், அதற்கு மேலே இருக்காது. ஹோட்டலுக்கு ஏஜிங் செய்பவனுக்கு அத்தனை பொறுமை கிடையாது. தினக்கூலிக்கு வந்த பையன் கதவு முழுக்க மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகச் சுரண்டித் தள்ளிவிடுவான். ஏணி வைத்தால்தான் எட்டும் உயரத்திலும் தேய்ந்திருக்கிறதென்றால் அங்கே யார் கை வைத்திருப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

கதவு எப்படிச் சுழல்கிறது என்றும் பாருங்கள். பழைய கதவுகளில் பல, கீல் இல்லாமல் குடுமியில் சுழலும். கதவுச் சட்டத்தின் மேலும் கீழும் நீட்டிய முளை, நிலையில் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். திறந்தால் ஒரு முனகல் வரும். பழைய கதவு மாதிரி இழைத்துவிட்டுப் பளபளக்கும் ஸ்டீல் கீலில் தொங்கவிட்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆணிக்குப் பதிலாக நட்சத்திரத் தலை ஸ்குரூ இருந்தால் விசாரிக்கவே வேண்டாம்.

அடுத்தது தூண். விரல் கணுவால் தட்டுங்கள். தேக்கு 'டொக்' என்று சொல்லும், கல் எதுவுமே சொல்லாது, விரல்தான் வலிக்கும். ஃபைபர் டப்பா மாதிரி ஒலிக்கும். உள்ளே தெர்மாகோல் அடைத்திருந்தால் சத்தம் அடங்கிவிடும். அப்போது புறங்கையை வைத்துப் பாருங்கள். கல் நண்பகலிலும் நிழலில் சில்லென்றிருக்கும், ஃபைபருக்கு அந்தக் குளிர்ச்சி வராது. அப்புறம் பக்கத்துத் தூணையும் ஒரு பார்வை பாருங்கள். தச்சர் கையால் செதுக்கிய இரண்டு பூ ஒரே மாதிரி வராது. ஒரே வெட்டு, ஒரே விரிசல், ஒரே முடிச்சு இரண்டிலும் இருந்தால் அது அச்சு. யாளிப் பல் கதை அதுதான்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. ஆகவே யாராவது "முந்நூறு வருடச் செட்டிநாட்டுத் தூண்" என்றால் தட்டிப் பார்க்காமலே புன்னகைத்துவிடலாம்.

சுவர், தரை, கூரை

சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டை வெள்ளையாகும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. எமல்ஷன் பெயிண்டில் பழைய சுவர் மாதிரி திட்டுத் திட்டாக அடித்திருந்தால் சட்டை சுத்தமாக இருக்கும். ஜன்னலுக்குள் கையை நீட்டிச் சுவரின் கனத்தையும் அளந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும், முழங்கை உள்ளே போகும். புதுச் சுவர் முக்கால் அடிதான். பழைய சுவரில் சுவிட்சுப் பெட்டியை மாற்றிய இடத்தில் ஓரம் உடைந்திருந்தால் பொக்கிஷம். நீலம் கலந்த சுண்ணாம்பு, அதன் கீழ் பச்சை, அதன் கீழ் மஞ்சள், அதற்கும் கீழ் வெள்ளை என்று ஒவ்வொரு பொங்கலும் ஒவ்வொரு கல்யாணமும் ஒரு அடுக்காக உட்கார்ந்திருக்கும். நாங்கள் அடிப்பது இரண்டே அடுக்கு.

சென்னைக்கென்றே ஒரு பூச்சு இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்குவார்கள். வெள்ளைக்காரர்கள் அதை மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் முகம் மங்கலாகத் தெரியும், கன்னத்தை வைத்தால் குளிரும். எங்காவது கிடைத்தால் நகத்தால் கீறிப் பார்க்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

கூரைக்கு அண்ணாந்து பாருங்கள். வெளியே நாட்டு ஓடு தெரிகிறது, உள்ளே வந்தால் ஜிப்சம் சீலிங்கும் ஏ.சி. குழாயும் தெரிகின்றன என்றால், கான்கிரீட் தளத்தின் மேல் ஓட்டை அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். சென்னையின் பழைய மாடி வீடுகளில் இருந்தது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்ன மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஊற்றிக் கட்டிய தளம். கீழிருந்து பார்த்தால் உத்தரங்களுக்கு நடுவே செங்கல் சாய்வாக ஓடுவது தெரியும். இதைப் போலியாகச் செய்து இதுவரை நான் பார்த்ததில்லை. செலவு கட்டுப்படியாகாது.

முற்றம் என்றால் மழை உள்ளே விழ வேண்டும். விழுந்த தண்ணீர் போக ஒரு துவாரம் வேண்டும். மேலே கண்ணாடி போட்டு, கீழே கூழாங்கல் பரப்பி, நடுவில் உருளியில் பூ மிதக்க விட்டிருந்தால், பார்க்க அழகுதான், ஆனால் அது முற்றம் இல்லை.

ஆத்தங்குடித் தரையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமென்டை ஊற்றிக் கையால் செய்யும் கல் அது, அதனால் ஒரு கல்லின் கோடு பக்கத்துக் கல்லோடு மயிரிழை விலகி நிற்கும். ஓரம் உடைந்த கல்லில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். அச்சடித்த டைல்ஸில் நிறம் மேல்தோல் மட்டும்தான். ஆனால் ஆத்தங்குடியில் இன்றும் கல் செய்கிறார்கள். கல் அசல் என்பதால் தரை பழசாகிவிடாது.

போர்டைப் படியுங்கள்

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கட்டடத்தை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் போர்டு எழுதும்போது எல்லோரும் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதுவரை லை, னை, ளை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே கொம்பு வளைந்து நிற்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்து எழுதப்பட்டன. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935-இலிருந்தே புது எழுத்தைப் பயன்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் பலகாரக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் பழைய கொம்போடுதான் எழுதினார்கள். "1952 முதல்" என்று துருப்பிடித்த தகரத்தில் எழுதி, அதிலேயே இன்றைய 'லை' போட்டிருந்தால் அந்தத் தகரத்துக்கு வயது ரொம்பக் குறைவு. கொம்பு இருந்தால் உடனே பழசு என்றும் முடிவு கட்டாதீர்கள். ஆணை வந்த பிறகும் போர்டு எழுதும் ஓவியர்கள் பல வருடம் பழைய பழக்கத்தை விடவில்லை.

விலையைப் பாருங்கள். "1948-இல் எங்கள் விலைப்பட்டியல்: இட்லி 5 பைசா" என்று ஒரு காபிக் கடைச் சுவரில் அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நூறு பைசா ஒரு ரூபாய் என்ற கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-இல். அதற்கு முன்னால் அணா, அணாவுக்குள் பன்னிரண்டு தம்பிடி. பட்டியலில் ஒரு அணாகூட இல்லை.

முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதற்கு முன் மயிலாப்பூர் என்றால் வெறும் சென்னை-4, திருவல்லிக்கேணி என்றால் சென்னை-5. இன்னொன்று, தமிழ்ப் போர்டுகளில் அந்தக் காலத்திலும் 'சென்னை' என்றுதான் எழுதினோம். 1996-இல் மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் கொட்டை எழுத்தில் 'மெட்ராஸ்' என்று போர்டு வைப்பது பெரும்பாலும் இப்போது வந்த ஏக்கம். 'தமிழ்நாடு' என்று மாநிலத்தின் பெயர் மாறியதும் 1969-இல்தான், அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தையே உற்றுப் பாருங்கள். கையால் எழுதிய போர்டில் இரண்டு 'க' ஒன்று போல் இருக்காது. கம்ப்யூட்டர் எழுத்தில் எல்லாக் 'க'வும் இரட்டைப் பிள்ளைகள். எனாமல் விளம்பரத் தகடு என்றால் ஆணித் துளையைச் சுற்றித்தான் முதலில் எனாமல் சில்லு பெயர்ந்து துரு பிடிக்கும். இப்போது வருவதில் துருவையும் சேர்த்தே பிரின்ட் அடித்துவிடுகிறார்கள். விரலால் தேய்த்தால் கையில் ஒன்றும் ஒட்டாது.

சுவரில் மாட்டிய பழுப்பு நிறப் படங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புதுப் பிரின்டில் ஒழுங்கான புள்ளிகள் தெரியும். படத்தின் கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள். டிராம் ஓடும் படத்துக்கு "மவுண்ட் ரோடு, 1960" என்று போட்டிருந்தார் ஒருவர். சென்னையில் டிராம் 1895-இல் ஆரம்பித்து 1953-இல் நின்றுபோனது.

பித்தளைக்குக் காந்தம். டபரா டம்ளரில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, மேலே முலாம். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம், ஒட்டாத ஸ்டீலாகவும் இருக்கலாம். அப்போது டம்ளரின் உள்பக்கத்தைப் பாருங்கள். பழைய வீட்டுப் பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பார்கள், மங்கலான வெள்ளையாக இருக்கும். கிராமபோன்? பித்தளைக் குழல் பளபளவென்று மின்னினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்து குவிக்கிறார்கள். கண் உயரத்தில் வெறும் பல்பு தொங்கினாலும் அப்படியே. எந்தப் பாட்டி வீட்டிலும் தலையில் இடிக்கிற மாதிரி பல்பைத் தொங்கவிட்டதில்லை.

ஒரு தெருவே பழசா?

ஒரு கடையைச் சோதிப்பது சுலபம், தெருவைச் சோதிக்க வேறு கேள்வி கேட்க வேண்டும். அங்கே பழச்சாறும் சாவிக்கொத்தும் ஃபிரிட்ஜ் பொம்மையும் தவிர என்ன கிடைக்கிறது? அரைக் கிலோ உளுத்தம்பருப்பு வாங்க முடியுமா? இஸ்திரி வண்டி நிற்கிறதா? செருப்புத் தைப்பவர் இருக்கிறாரா? காலையில் வாசலில் ஈரக் கோலம் இருக்கிறதா? மயிலாப்பூர் மாட வீதிகளில் பழைய ஓட்டு வீடுகள் பெரும்பாலும் போய், அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆனாலும் தெற்கு மாட வீதியில் கீரையும் வாழைப்பூவும் தரையில் பரப்பி விற்கிறார்கள், பங்குனியில் அறுபத்து மூவர் வருகிறார்கள். கட்டடம் புதுசு, தெரு பழசு. வேறு சில ஊர்களில் நேர்மாறு. சுவரெல்லாம் மஞ்சள் பூசிப் பிரமாதமாக வைத்திருப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு ஜன்னலிலும் விளக்கு எரியாது.

வெளிநாட்டிலும் எங்கள் ஜாதிக்காரர்கள் நிறைய. பார்சிலோனாவின் கோதிக் பகுதியில் எல்லோரும் படமெடுக்கும் பிஷப் பாலம் இடைக்காலத்துச் சாமான் மாதிரி தெரியும். கட்டியது 1928-இல். வான்கூவரில் நீராவி விட்டு விசிலடிக்கும் விக்டோரியா பாணிக் கடிகாரம் 1977-இல் வைத்தது. என்னைவிடச் சின்னவன்.

நம்மூரிலும் இதைக் கேட்கலாம். சாந்தோம் தேவாலயம் பார்க்க ஐந்நூறு வருடக் கோதிக் மாதிரி இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1896-இல் முடிந்தது. உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்கள் எந்த நவாப் காலத்தவையும் இல்லை. இந்தோ-சாரசெனிக் என்ற பாணியே வெள்ளைக்காரர்கள் முகலாயக் குவிமாடத்தையும் ஐரோப்பியத் திட்டத்தையும் கலந்து உண்டாக்கியது. 1892-இல் திறந்தபோது அதுவும் ஒரு விதத்தில் செட் வேலைதான். ஆனால் செங்கல் செங்கலாகவே இருந்தது, கல் கல்லாகவே இருந்தது. 130 வருடம் வக்கீல்களும் வழக்காளிகளும் ஏறி இறங்கிவிட்டார்கள். தேய்மானம் வந்துவிட்டது, இனி அது பழசுதான். வார்சா நகரத்தார் 1944-இல் தரைமட்டமான பழைய நகரத்தை, பழைய ஓவியங்களை வைத்துக்கொண்டு திரும்பக் கட்டினார்கள். திரும்பக் கட்டியது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள், 1980-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

முட்டுக்காடு பக்கத்தில் தக்ஷிணசித்ராவும் அப்படித்தான். 1996-இல் திறந்த அருங்காட்சியகம். அங்கே உள்ள பழைய வீடுகள் அந்தந்த ஊரில் பிரித்து, கொண்டுவந்து திரும்ப நிறுத்தியவை. எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணையும் கையையும் பழக்க அங்கே ஒரு நாள் போய்வாருங்கள். பஸ் செலவு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பாரிமுனையில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்துக்குப் போய்க் கல்லறைக் கற்கள் பாவிய தரையில் நடந்து பாருங்கள். எழுத்து எங்கே மழுங்கியிருக்கிறது, எங்கே கூராக இருக்கிறது என்று பத்து நிமிடம் பார்த்தாலே நான் மேலே எழுதியதில் பாதி புரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வகை இருக்கிறது, எனக்கே சங்கடமான வகை. தூண் அசல், தேக்கு அசல், தேய்மானமும் அசல், ஆனால் நிற்கும் இடம் ஷாப்பிங் மால். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இப்படிப் பிரித்த வீடுகளின் கதவு, தூண், ஜன்னல், அலுமினியத் தூக்கு வரைக்கும் வாங்கலாம். ஒரு அசல் தூண் ரிசார்ட்டுக்கு வந்திருக்கிறதென்றால் எங்கேயோ ஒரு வீடு இறங்கியிருக்கிறது. தட்டிப் பார்த்து, அசல் என்று தெரிந்துவிட்டால், சர்வரிடம் வேண்டாம், முதலாளியிடம் கேளுங்கள்: "எந்த ஊர் வீட்டுத் தூணுங்க?" வாங்கிய ஆளுக்கு ஊர் பெயர் தெரியும், சில நேரம் குடும்பப் பெயரும் தெரியும். "ரொம்பப் பழசு சார்" என்பதோடு நிறுத்தினால் மறுபடியும் தட்டுங்கள்.

அந்த ஈ.சி.ஆர். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு மேசைக்கே வந்துவிட்டார். பின்பக்கம் இன்னும் ஆறு தூண் வேண்டுமாம். முன்பணம் வாங்கிக்கொண்டேன். பழைய அச்சுதான், யாளிப் பல்லைச் சரி செய்யவில்லை. ஒவ்வொரு தூணின் அடியிலும் வருஷத்தை ஆணியால் கீறி வைப்பது என் வழக்கம். சந்தேகம் இருந்தால் சாய்த்துப் பாருங்கள், இரண்டு பேர் போதும், கனமே இருக்காது.